பன் தூக்குகிற கை

நீளமான பேருந்தைப் பின்பக்கமாக எடுத்து, இரண்டு தூண்களுக்கு நடுவே, தலையை வெளியே நீட்டாமல் கண்ணாடியை மட்டும் பார்த்து நிறுத்தத் தெரிந்தவர்கள் எங்கள் டிப்போவில் மூன்று பேர். இரண்டு பேர் ஆண்கள். மூன்றாவது ஆள் நான். உண்மையைச் சொன்னால் முதல் ஆளே நான்தான். மற்ற இருவரும் சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை. டிப்போவில் என்னைக் கண்ணாடியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது.

இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நான் சும்மா பெருமை பேசுகிறவள் இல்லை, காரணத்தோடு பேசுகிறவள்.

போன வருடம் வலது மார்பில் கட்டி வந்தது. வெட்டியெடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, மறுபடி முளைத்தது, பிழைத்துக்கொண்டேன். அதைப் பற்றி நான் நீட்டி முழக்கப் போவதில்லை. கட்டியோடு சேர்த்து அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்தார்கள். "கை வீங்கலாம், கவனமா இருங்க" என்று சர்ஜன் சொன்னார். தலையாட்டி வைத்தேன். மார்பே போன பிறகு கை வீங்கினால் என்ன, வீங்காவிட்டால் என்ன என்பது அன்றைய என் கணக்கு.

கணக்கு தப்பு என்பது சீருடைச் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்த அன்று தெரிந்தது. இடது கை சொன்ன பேச்சைக் கேட்டு உள்ளே போனது. வலது கை பாதியில் மாட்டிக்கொண்டது. முழங்கைக்குக் கீழே உருண்டு திரண்டு, விரல் முட்டிகள் எங்கே போயின என்று தெரியாமல், யாரோ என்னிடம் கொடுத்துவைத்த கை மாதிரி தொங்கியது. பிடியில் வலுவும் இல்லை. தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருந்தது. பெரிய வண்டியின் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்துத் திருப்புகிறவள் ஒரு மூடிக்கு ஆள் கூப்பிட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அந்த வாரம் டிப்போ மேலாளர் பழப் பையோடு வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். சில சமயம் நல்ல மனிதர்களிடம் மாட்டிக்கொண்டால்தான் தப்பிக்கவே முடியாது.

"அவசரமே இல்லம்மா. விசாரணை கவுண்டர்ல ஒரு இடம் காலியா இருக்கு. உட்கார்ந்து பாக்குற வேலை" என்றார்.

"ஓட்டுறதும் உட்கார்ந்து பாக்குற வேலைதான் சார்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு அவரும் நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். அடுத்த மாதம் ஓட்டுநர்களுக்கான உடல்தகுதிச் சோதனை. டாக்டர் கையைப் பார்ப்பார், வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்வார்.

"தகுதியில்லன்னு ஒரு தடவை எழுதிட்டாங்கன்னா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல. ஃபைல் மேல போயிடும். திரும்ப வண்டி ஏறுறது நடக்காத காரியம். அதுக்கு முன்னாடி நீங்களாவே கவுண்டருக்கு வந்துட்டா மரியாதையா இருக்கும்னு பார்த்தேன்."

விசாரணை கவுண்டர் டிப்போ வாசலை ஒட்டிய கண்ணாடி அறை. வெளியே போகிற ஒவ்வொரு வண்டியும் அதை உரசிக்கொண்டுதான் போகும். ஐந்து மணி வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, என் வண்டியை வேறொருவர் எடுத்துப்போவதைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார வேண்டும். அதற்கு என்னை அந்த வண்டியிலேயே கட்டி இழுத்துக்கொண்டு போகலாம்.

"சோதனைக்கே வர்றேன் சார்" என்றேன். பழத்தை வாங்கிக்கொண்டேன். பழத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இப்போது என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேக்கரியில் ரொட்டி மாஸ்டர். அதிகம் பேச மாட்டார். வீட்டுக்குத் தேவையான பேச்சை நானே பேசிவிடுவதால் அவருக்குத் தேவையும் இல்லை. ஆனால் கை இருக்கிறதே, அது வேறு. இயந்திரம் இருந்தும் முதல் மாவைக் கையால் பிசைந்து பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. சொந்தக்காரர்களில் யாருக்குக் கழுத்துப் பிடித்தாலும், முதுகு பிடித்தாலும் எங்கள் வீட்டில்தான் வந்து குப்புறப் படுப்பார்கள். கட்டை விரலை ஒரு அழுத்து அழுத்துவார். படுத்தவர்கள் முதலில் அலறுவார்கள், பிறகு எழுந்து காபி கேட்பார்கள். நானும் எத்தனையோ நாள் வண்டியை விட்டு இறங்கி வந்து அவர் கைக்குத் தோளைக் கொடுத்துத் தூங்கிப் போயிருக்கிறேன்.

அதனால் சர்ஜன் என்னை நிணநீர் மசாஜுக்கு அனுப்பியபோது அவரையும் கூட அழைத்துப் போனேன். அந்த அறை மருத்துவமனையின் தரைத்தளத்தில், துணி வெளுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் உறுமிக்கொண்டே இருக்கும். உயரமான ஒரு கட்டில், பச்சைத் திரை, சுருட்டி அடுக்கிய துணிக்கட்டுகள், தையல்காரர் வைத்திருப்பது போல் ஒரு டேப். பிசியோ மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும். ஆள் சின்ன உருவம், குரல் மட்டும் பெரிது.

மணிக்கட்டு, முழங்கை, மேல்கை என்று இடம் இடமாக அளந்தார். படுக்கச் சொன்னார். வயிறு எழும்ப மூச்சு விடச் சொன்னார். பிறகு கழுத்தடியில் காறை எலும்புக்கு மேலே இருக்கும் குழியில் விரல்களை வைத்து ஏதோ செய்தார். அடுத்து இடது அக்குளுக்குப் போனார். வீங்கின கையின் பக்கமே வரவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"மேடம், வீங்கியிருக்கிறது இந்தக் கை."

"தெரியும். அங்க கடைசியாத்தான் வருவேன். நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"பஸ் ஓட்டுறேன்."

"அப்ப உங்களுக்கு ஈசியா புரியும். சிக்னல்ல வண்டியெல்லாம் மாட்டிக்கிட்டு நிக்குது. கடைசில நிக்கிற வண்டியப் போய்த் தள்ளினா வழி கிடைக்குமா?"

"முன்னாடி நிக்கிறது போனாத்தானே பின்னாடி நகரும்."

"அதேதான். கழுத்துகிட்ட இருக்கிறதுதான் கடைசி வாசல். அத முதல்ல காலி பண்ணணும். இந்த அக்குள்ல உங்களுக்குப் பாதையே எடுத்தாச்சு. அதனால கையில நிக்கிற நீர நெஞ்சுக்குக் குறுக்க அந்தப் பக்க அக்குளுக்கும், விலாவோட இறக்கி இடுப்புக்கும் அனுப்பணும்."

மாற்றுப்பாதை. அதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் கை காட்டுகிற ஊரில்தான் நான் வண்டி ஓட்டுகிறேன். அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.

கைக்கு வந்தபோதும் மேல்கையில் தொடங்கி, அது முடிந்த பிறகே முழங்கை, கடைசியில் விரல்கள். எண்ணெய் கிடையாது. அழுத்தம் என்று பேருக்குக்கூட இல்லை. தூங்குகிற குழந்தையின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குவது போல் தோலை மேல்நோக்கிக் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டே வந்தார். மசாஜ் என்றால் ஒரு தடவையாவது கத்த வேண்டும் என்பது என் எண்ணம்.

"அழுத்தவே இல்லையே மேடம்."

"நீர் ஓடுற நாளம் தோலுக்கு நேர் கீழ இருக்கு. அழுத்தினா மூடிக்கும். தோல் மட்டும் நகரணும். கீழ இருக்கிற சதைக்கு நான் வந்தது தெரியவே கூடாது." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "வாரத்துல ரெண்டு நாள் இங்க வாங்க. மத்த நாள் வீட்ல பண்ணணும். முதுகுப் பக்கம் உங்களுக்கு எட்டாது. யாரு பண்ணிவிடுவா?"

நான் திரைக்கு வெளியே நின்ற வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "இவர் கைக்கு ஈடா இன்னொரு கை கிடையாது மேடம்." நான் பெருமையாகச் சொன்ன அந்தக் கைதான் எங்களுக்கு வினையாக வந்தது.

அவர் திரைக்கு உள்ளே வந்தார். பாதை தழும்பைத் தாண்டித்தான் போகிறது. அதுவரை அவர் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. நான் காட்டவில்லை, அவர் கேட்கவில்லை, இருவரும் நாசூக்காக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது பிசியோ மேடம் அவர் கையைப் பிடித்துத் தழும்புக்கு மேலே வைத்து, "இங்கிருந்து அந்தப் பக்கம் போங்க" என்றார். அவர் கண்ணை எடுக்காமல் பார்த்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது. பிறகு அவர் குனிந்து, "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அவர் கை போக வேண்டிய பக்கம் போனது.

வீட்டில் சில நாள் ஒழுங்காகத்தான் நடந்தது. பேக்கரியிலிருந்து வந்து குளித்துவிட்டு, மதியம் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொள்வார். மூச்சு, கழுத்து, அந்தப் பக்க அக்குள், நெஞ்சு, விலா, மேல்கை. வரிசை தப்பவே தப்பாது. ஆனால் வீக்கம் இறங்கியது மாதிரியும் இருக்கும், இறங்காதது மாதிரியும் இருக்கும். எனக்கு உதவிக்கு வந்திருந்த நாத்தனார், அவருடைய அக்கா, வாசற்படியில் சாய்ந்துகொண்டு தினமும் இதை வேடிக்கை பார்ப்பார்.

"ஏன்டா தம்பி, அவளுக்கு மசாஜ் பண்றியா, தூசி தட்டுறியா?"

"இப்படித்தான் பண்ணணுமாம் அக்கா."

"ஊருக்கெல்லாம் அழுத்தி அழுத்தி நோயத் தீர்த்தவன், சொந்தப் பொண்டாட்டியத் தொட பயப்படுறான்." என்னைப் பார்த்து, "நீயாவது சொல்லேன்" என்பார்.

"மேடம் சொன்னதச் செய்யட்டும் அண்ணி" என்பேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அதே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சோதனைக்கு நாள் நெருங்க நெருங்க அவருக்குத் தூக்கம் குறைந்தது. ஒரு மதியம் என் முன்கையில் விரலால் லேசாகக் குத்திப் பார்த்தார். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அவர் தொழிலில் இது தினமும் செய்கிற சோதனை. உப்பி வரும் மாவில் விரலை வைத்து எடுப்பார்கள். குழி மேலே எழும்பி வராமல் நின்றுவிட்டால் மாவு மிஞ்சிப் போய்விட்டது, உள்ளே காற்று அதிகம், மறுபடி அடித்துப் பிசைந்து இறக்க வேண்டும் என்று அர்த்தம். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். நாத்தனார் வெதுவெதுப்பான எண்ணெயோடு தயாராக வந்து நின்றார்.

நான் தடுக்கவில்லை. ஏனென்றால் சுகமாக இருந்தது. பழைய கை திரும்பி வந்துவிட்டது. உள்ளங்கையை ஊன்றி, மணிக்கட்டிலிருந்து தோள் வரை உருட்டி உருட்டிப் பிசைந்தார். கை லேசான மாதிரி இருந்தது. நாத்தனார், "பார்த்தியா" என்றார். நான் அப்படியே தூங்கிப் போனேன்.

காலையில் எழுந்தபோது கை தலையணை உறைக்குள் பஞ்சைத் திணித்த மாதிரி இருந்தது. தோல் சிவந்து, தொட்டால் சுட்டது. விரல்களை மடக்கவே முடியவில்லை. அவர் ஒரு நிமிடம் பார்த்தார். சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் மருத்துவமனைக்கு வண்டி கூப்பிட ஓடினார்.

டாக்டர் பார்த்து, கிருமி தொற்றவில்லை என்றார். அதுவரை நாங்கள் மூச்சு விட்டதாக எனக்கு நினைவில்லை. பிசியோ மேடம்தான் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்.

"யாரு இப்படிப் பிசைஞ்சது?"

"நான்தான்" என்றார் அவர்.

"எதுக்கு?"

"குழி விழுந்து அப்படியே நின்னுச்சு. மாவுல அப்படி நின்னா..." 

மேடத்துக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா தெரியவில்லை. "இது ரொட்டி இல்ல சார். உள்ள இருக்கிறது காத்து இல்ல, நீர். நீங்க அழுத்தின அழுத்துல அது போற சின்னச் சின்ன வழியும் நசுங்கிப் போச்சு. சிவப்பு அடங்குற வரைக்கும் யாரும் தொட வேண்டாம்" என்றார். சிவப்பு அடங்கி டாக்டர் சரி என்ற பிறகு, விரலிலிருந்து தோள் வரை அடுக்கடுக்காகத் துணிக்கட்டுப் போட்டு அனுப்பினார். "இனி மசாஜை மறுபடி ஆரம்பிக்கலாம். ஆனா தூசி தட்டுற மாதிரி."

நாத்தனார் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. எண்ணெய்க் கிண்ணம் எங்கே ஒளிந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. வீட்டுக்காரர் மேலும் கோபம் இல்லை. கோபம் வந்தது அதற்குப் பிறகுதான். அவர் என் கையைத் தொடவே மறுத்துவிட்டார். மதியமானால் முக்காலியை எடுக்க மாட்டார். நான் கூப்பிட்டால், "மேடமே பண்ணட்டும்" என்பார். சாப்பாட்டுத் தட்டைக்கூட என் இடது பக்கமாக வைப்பார். பெரிய தப்பு செய்த பிள்ளை மாதிரி கைகளை மடக்கி அக்குளுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கோ ஒவ்வொரு நாளும் நழுவிக்கொண்டிருந்தது. எட்டுகிற வரை நானே இடது கையால் செய்துகொண்டேன். முதுகு எட்டவில்லை.

பொறுத்துப் பார்த்தேன். பிறகு கட்டுப் போட்ட கையோடு நேராகப் பேக்கரிக்கே போய்விட்டேன். நாலு பேருக்கு நடுவில் வைத்து நன்றாகக் கேட்டுவிடுவது என்றுதான் கிளம்பினேன். என்னென்ன கேட்பது என்று வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே போனேன். அதையெல்லாம் கேட்டிருந்தால் நல்ல சண்டையாக இருந்திருக்கும்.

பின்கட்டில் அடுப்பு அனலில் கதவெல்லாம் வியர்த்திருந்தது. அவர் எனக்கு முதுகைக் காட்டி நீளமான மேசைக்கு முன்னால் நின்றிருந்தார். உருட்டி வைத்த பன்கள் நன்றாக உப்பி, மேல்தோல் மெலிந்து, தொட்டால் உடைந்துவிடும் நிலையில் இருந்தன. அவற்றைப் பலகையிலிருந்து அடுப்புத் தட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். கொஞ்சம் அழுத்தினாலும் பன் உட்கார்ந்துவிடும்; அதற்கு மேல் கடவுளே வந்தாலும் எழுப்ப முடியாது. அவர் விரல்களைப் படுக்கவைத்து, அடியில் செலுத்தி, தூக்கினாரா இல்லை பன்னே எழுந்து போனதா என்று தெரியாதபடி ஒவ்வொன்றாக மாற்றினார். ஒன்றின் தோலில்கூடச் சுருக்கம் விழவில்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவருடைய பிசைகிற கையைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அதைத்தான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு கை அவரிடம் இருப்பது எனக்கே தெரியாது.

அடுக்கி வைத்த சண்டையெல்லாம் மறந்துவிட்டது. "என்னங்க" என்றேன்.

திரும்பினார். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. "என்ன ஆச்சு? கை சுடுதா?"

"ஒண்ணும் ஆகல. பிசையுற கைய இங்கேயே வெச்சுட்டு, இந்தக் கைய வீட்டுக்குக் கொண்டு வாங்க."

அவருக்குப் புரியவில்லை. நான் கட்டுப் போட்ட கையை மேசை மேல், பன்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். "இதுவும் உப்பிக்கிட்டு இருக்கு. நீங்க இத அடிச்சு இறக்க வேண்டிய மாவுன்னு நினைச்சீங்க. இது அடுப்புக்குப் போகப் போற பன். அழுத்தினா போச்சு."

அவர் என் கையையும் பன்னையும் மாறி மாறிப் பார்த்தார். பேக்கரி ஆட்களெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அடுப்பு மணி அடித்தது. "தட்டு கருகுது, அதப் பாருங்கடா" என்று அவர்களை அதட்டிவிட்டு, என்னிடம் தாழ்ந்த குரலில், "மதியம் வர்றேன்" என்றார்.

அன்று மதியம் முக்காலி திரும்பி வந்தது. கட்டைப் பிரித்தார். கழுத்தில் தொடங்கினார். விலாவைத் தாண்டிக் கைக்கு வந்தார். தோல் மட்டும் நகர்ந்தது. கீழே இருந்த சதைக்கு யாரும் வந்த தகவலே இல்லை. நாத்தனார் வாசற்படியில் வந்து நின்றார், பார்த்தார், பிறகு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது பிசியோ மேடம் டேப்பை வைத்து அளந்தார். சரியாகப் பிடிக்கவில்லையோ என்று மறுபடி அளந்தார். "நீங்க பண்ணுங்க சார், நான் பாக்குறேன்" என்று தள்ளி நின்றார். அவர் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தார். மேடம் திரையை விலக்கி, வெளியே மனைவியோடு காத்திருந்த ஒரு மனிதரை எங்கள் அனுமதி கேட்டு உள்ளே கூப்பிட்டார். "இவர் கையைக் கவனிங்க. உங்க வீட்டம்மாவுக்கும் இந்த அளவுதான் தொடணும்." அந்த மனிதர் எட்டிப் பார்த்துவிட்டு, "சார் எந்த ஆஸ்பத்திரியில இருக்கார்?" என்று கேட்டார். நான் படுத்தபடியே, "பேக்கரியில" என்றேன். மேடம் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் கட்டிலில் இருந்து ஒரு அடி மேலே மிதக்கிற மாதிரி இருந்தது.

சோதனை நாள் வந்தது. கையில் வீக்கம் ஏறாமல் பிடிக்கிற இறுக்கமான எலாஸ்டிக் உறை, அதன் மேல் சீருடைச் சட்டை. சட்டைக் கை நுழைந்தது. தாராளமாக இல்லை, ஆனால் நுழைந்தது.

டிப்போ மைதானத்தில் அன்று என்றைக்கும் இல்லாத சுத்தம். ஓட்டுநர்கள் எல்லோரும் வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். கழுவின வண்டியையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்த ஒருவரிடம், "பெயின்ட் போயிடும் அண்ணே" என்றேன். டாக்டர் கையைப் பார்த்தார், மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், ஒரு கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். முகத்தில் எதையும் காட்டவில்லை. "ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். இருக்கையை யாரோ தன் உயரத்துக்கு மாற்றி வைத்திருந்தார்கள். அதை முதலில் சரிசெய்தேன். மைதானத்தை எட்டுப் போல் இரண்டு பக்கமும் சுற்றி வரச் சொன்னார்கள். வலது பக்கம் முழுதாக ஒடித்தபோது கை இழுத்தது, ஆனால் வந்தது. அடுத்து இரண்டு தூண்களுக்கு நடுவே பின்பக்கமாக நிறுத்த வேண்டும். நான் தலையை வெளியே நீட்டவில்லை. அவசரப்படவும் இல்லை. வண்டி அதன் வீட்டுக்குள் போவது போல் போய் நின்றது. கழுவிக்கொண்டிருந்தவர்கள் குழாயை மூட மறந்துவிட்டார்கள். மைதானமெல்லாம் தண்ணீர்.

டாக்டர் தாளில் எழுதினார். "தகுதி இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை காட்டிட்டுப் போங்க. உறையக் கழட்டாதீங்க." பிறகு கையைத் திருப்பிப் பார்த்து, "தினமும் யாரோ நல்லாப் பார்த்துக்கிறாங்க" என்றார். ஆமாம் என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

மேலாளர் கைகொடுத்தார். இடது கையைக் கொடுத்தேன். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் சொல்லக்கூடாததையும் சொல்லிவிட்டார்.

"போன வாரம் உங்க வீட்டுக்காரர் என்னைப் பார்க்க வந்திருந்தார்மா. உங்ககிட்ட சொல்ல வேணாம்னார். 'ஒருவேளை அவ ஜெயிக்கலன்னா அந்த வாசல் கவுண்டர்ல மட்டும் போட்டுடாதீங்க சார். ஜன்னல் இல்லாத ரூமா பார்த்துக் கொடுங்க. வண்டி கிளம்புறதப் பார்த்துக்கிட்டு அவளால உட்கார முடியாது'ன்னார். அரை மணி நேரம் நின்னார். அவ்வளவுதான் பேசினார்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் சுபாவம் அது. நான் தோற்றுப்போவேன் என்று இவர் ஊருக்கு முன்னாலேயே முடிவு கட்டி, எனக்கு ஜன்னல் இல்லாத அறை வரை ஏற்பாடு செய்துவிட்டாரா?

கூட வந்திருந்த வீட்டுக்காரர் டிப்போ வாசலுக்கு வெளியே, சுவர் ஓரமாக, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். நான் ஓட்டியதை அவர் பார்க்கவே இல்லை. என் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. நாளையிலேர்ந்து வண்டி."

அவர் கண்ணை மூடித் திறந்தார்.  நான் விடவில்லை.

"மேலாளரப் பார்த்தீங்களாமே. நான் ஜெயிக்க மாட்டேன்னு நினைச்சீங்களா?"

அவர் நகக்கண்ணில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டினார். டிப்போ ஆட்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து கூடிவிட்டார்கள். அவர்களைப் பார்த்தால் எப்போதும் கூசிப் போகிற மனிதர், அன்று கூசாமல் சொன்னார்.

"உன் கை மேல எனக்கு என்னைக்குமே சந்தேகம் இல்ல. என் கை மேலதான் இருந்துச்சு."

நான் வாயடைத்து நின்றதை எங்கள் டிப்போ அன்றுதான் பார்த்தது. என் மனிதர் என்று எனக்கு வந்த பெருமையில் நெஞ்சு வலித்தது. தழும்பு இருக்கிற பக்கமும் வலித்தது. அவர் இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எத்தனை நாளாக அந்தக் கைகளை அடக்கி அடக்கி வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் இடது கையை நீட்டினேன்.

"இதக் கெட்டியா பிடிக்கலாம்" என்றேன்.

பிடித்தார். அத்தனை பேர் பார்க்க, விரலெல்லாம் நோகும்படி பிடித்தார். நான் கையை எடுத்துக்கொள்ளவில்லை.